வாயில் மிஞ்சிய ஒரு சொல்

மூன்றாம் மாடி வார்டில் அவளுக்கு 'இன்னொண்ணு' என்று பெயர். வைத்தது நோயாளிகள். பக்கவாதத்தில் விழுந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள், முட்டி மாற்றிக்கொண்டவர்கள் என்று படுத்த படுக்கையாக வருகிறவர்களை எழுப்பி, நிற்கவைத்து, நடக்கவைக்கும் பிசியோதெரபிஸ்ட் அவள். பத்து அடி வைக்கச் சொல்வாள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பத்தையும் வைத்துவிட்டு மனிதர் நாற்காலியைத் தேடினால், "அவ்வளவுதானா? இன்னொண்ணு!" என்பாள். அதை வைத்துவிட்டால் அதற்குப் பிறகும் ஒரு இன்னொண்ணு காத்திருக்கும். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்த பட்டப்பெயர்தான். நடந்து வீட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து அதே பெயரைச் சொல்லி நன்றி சொல்ல ஆரம்பித்த பிறகு, அவளுக்கே அது பிடித்துப்போய்விட்டது.

பல ஊர்க்காரர்கள் வந்து பிழைக்கும் நகரம் அது. வார்டில் எல்லோரும் எல்லோருக்கும் பொதுவான ஊர்ப் பேச்சைத்தான் பேசுவார்கள், அவரவர் நாக்குக்கு எட்டிய அளவில். இன்னொண்ணுவுக்குத் தமிழ் வீட்டோடு சரி. காலையில் கதவைச் சாத்தும்போது கணவரிடம் "போயிட்டு வரேங்க" என்று சொல்வதுதான் கடைசித் தமிழ். பன்னிரண்டு வருட வேலையில் வார்டுக்குள் ஒரு தமிழ்ச் சொல் அவள் காதில் விழுந்ததில்லை.

அதனால்தான், அந்தத் திங்கட்கிழமை காலை பதினாலாம் படுக்கையின் திரைக்குப் பின்னாலிருந்து "வா!" என்று ஒரு குரல் கேட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

புதிதாக வந்தவர். கோப்பில் இருந்தது இவ்வளவுதான்: வயது அறுபத்திரண்டு. டைல்ஸ் ஒட்டும் தொழில். மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் அடைத்து, வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு இல்லை.

'பேச்சு இல்லையாமே, எந்தப் புண்ணியவான் எழுதினது?' என்று நினைத்துக்கொண்டாள்.

"வா! வா!"

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். "ஐயா, நீங்க தமிழா?" என்று வாய் நிறையக் கேட்டாள்.

அவர் முகம் சிவந்தது. "வா!" என்றார், இன்னும் பலமாக.

"இதோ வந்துட்டேங்க." இரண்டடி முன்னால் போனாள்.

"வா! வா! வா!"

"வந்துட்டேன், வந்துட்டேன். சொல்லுங்க." கட்டிலோடு ஒட்டி நின்று குனிந்தாள்.

நன்றாக இருந்த இடது கை விசிறி அடித்தது. மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் குவளை பறந்து வந்தது. தண்ணீர் மொத்தமும் அவள் சட்டையில். அப்போதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. போர்வைக்கு அடியில் மனிதர் பெட்பேன்மேல் உட்கார்ந்திருந்தார்.

நாக்கைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தவளைப் பார்த்து, பக்கத்துப் படுக்கைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வாரமாக அங்கே இருக்கிறார். வாய்க்குப் பூட்டு இல்லாத மனிதர்.

"அவர் உங்களைப் போகச் சொன்னாரும்மா. நீங்க என்னடான்னா பெண் பார்க்க வந்த மாதிரி கிட்ட கிட்டப் போறீங்க."

"போகச் சொன்னாரா? வான்னுதானே சொன்னார்!"

"அது உங்க ஊர் கணக்கு. அவர் இத்தாலிக்காரர். அவங்க மொழியில 'வா'ன்னா 'போ'வாம். காலையில வந்த நர்ஸ் சொன்னா." கடிகாரக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க ஒரு நிமிஷம் ஏமாந்தீங்க. நான் நேத்துச் சாயங்காலம் முழுக்க ஏமாந்தேன். என் மொழி பாரசீகம். நாங்க அதையே கொஞ்சம் குறுக்கி 'வ'ன்னு சொல்லுவோம். அதுக்கு 'உம்'னு அர்த்தம். இதுவும் அதுவும்னு சொல்றோமே, அந்த 'உம்'. நான் என் கதையைச் சொல்லிக்கிட்டிருந்தேன். நிறுத்தின இடத்துல எல்லாம் இவர் 'வ'ன்னார். 'அப்புறம்?'னு கேக்குறார், என்ன ஒரு ரசிகர்னு நினைச்சு, நான் பொறந்ததுல ஆரம்பிச்சு ரெண்டாவது கடை திறந்தது வரைக்கும் வந்துட்டேன். 'வாயை மூடிட்டுப் போய்யா'ன்னு சொல்லியிருக்கார்!"

"அப்ப இனிமே நிறுத்திடுவீங்க."

"எதுக்கு நிறுத்தணும்? நாப்பது வருஷமா என் வீட்டுக்காரி ஒரு தடவைகூட எனக்கு உம் கொட்டினதில்ல. கிடைச்ச ஆளை விடுவேனா?"

செவ்வாய்க்கிழமைகளில் வரும் பேச்சுப் பயிற்சியாளர் விஷயத்தைத் தெளிவாக்கினார். மற்றவர்கள் பேசுவது டைல்ஸ்காரருக்குப் பெரும்பாலும் புரிகிறது. ஆனால் அவருடைய சொற்களையெல்லாம் ரத்த அடைப்பு கொண்டுபோய்விட்டது; ஒன்றே ஒன்றை விட்டுவைத்திருக்கிறது. சிலருக்கு இப்படி ஆவதுண்டு. எந்தச் சொல் தங்கும் என்பது நோயாளியின் விருப்பம் அல்ல. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான் வரும், வலிக்கிறது என்றாலும் அதுதான்.

சொல்லை விட்டுவிட்டு ராகத்தைக் கேட்டுக்கொள்ள இன்னொண்ணு பழகினாள். வெடுக்கென்று வந்தால் கோபம். இழுத்து, கீழே இறங்கினால் வலி. இரண்டு தரம் அடுக்கி மேலே ஏறினால் ஜன்னலைத் திற. பத்து நாளில் அவளுக்கு அந்த ஒற்றைச் சொல் ஒரு சின்ன அகராதி அளவுக்கு விரிந்துவிட்டது. ஆனால் அவர் நடக்க மட்டும் மாட்டேன் என்றார். உடற்பயிற்சிக் கூடத்தில் இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பிகள் போட்ட நடைபாதை உண்டு. அதற்குள் கொண்டுபோய் நிறுத்தினால் நிற்பார். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கல்லுப் பிள்ளையார் மாதிரி நிற்பார். அவள் கெஞ்சினாள், கொஞ்சினாள், மிரட்டினாள். காலில் தெம்பு இருந்தது. அது அவளுக்குத் தெரியும். நகர்த்தத்தான் அவருக்கு மனசில்லை.

அவருக்கு ஒரே ஒரு மகள். பஸ் ஓட்டுகிறவள். இரண்டு வேலை முறைக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில், மதியம் இரண்டு மணிக்கு, சீருடையோடு வருவாள். வாசலை ஒட்டி, அவருடைய விழுந்துபோன வலது கைப் பக்கமாக நிற்பாள். அவளைக் கண்டதும் அவர் உடம்பு முழுக்கப் பரபரக்கும். "வா! வா! வா!" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்துவார். அவள் பழப் பையை மேசைமேல் வைப்பாள். தரையைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் நிற்பாள். போய்விடுவாள். நாலாவது தடவை பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. நர்ஸிடம் கொடுத்துவிட்டு, "நான் வந்தாலே அவருக்கு ஆகல. இனிமே வரலைங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, அவரை வார்டிலிருந்து எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யும் கூட்டம். மகள் வீட்டுக்கு, இல்லையென்றால் ஊருக்கு வெளியே இருக்கும் நீண்டநாள் பராமரிப்பு இல்லத்துக்கு. இல்லத்துக்கான படிவத்தை மகள் வாங்கிக்கொண்டு போயிருப்பதாக நர்ஸ் சொன்னாள்.

அதற்கு முந்தின திங்கட்கிழமை மதியம் இன்னொண்ணு ஜன்னல் பக்கமாக நின்று அவருடைய இடது தோளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். மணி இரண்டு அடித்தது. அவர் கதவைப் பார்த்தார். இரண்டு பத்து. இரண்டரை. இடது கை கட்டிலின் ஓரக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, உடம்பைக் கதவுப் பக்கமாக உந்தித் தள்ளியது. "வா…" என்றார். வெடுக்கும் இல்லை, வலியும் இல்லை. அவள் அகராதியில் இல்லாத ஒரு ராகம். ஆனால் தமிழ்க் காதுக்கு அதற்கு அகராதியே தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்தும் அது மனசை விட்டுப் போகவில்லை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். சமையலறைக் குழாயில் கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அவர் போன்னு சொல்றார்னு ஊரே சொல்லுது. எனக்கு மட்டும் வான்னு கேக்குது. என் காதுல ஏதாவது கோளாறா?"

"காதுல என்ன கோளாறு? அஞ்சாவது மாடியில நிக்கிறவன் லிஃப்ட் வருதுங்கிறான். கீழ நிக்கிறவன், ஐயோ போயிடுச்சேங்கிறான். ரெண்டு பேருக்கும் லிஃப்ட் ஒண்ணுதான். கதவு திறந்தாத்தான் யாருக்கு வந்ததுன்னு தெரியும்."

"பெரிய தத்துவம்!"

"தத்துவமும் இல்ல, மண்ணும் இல்ல. இன்னிக்கு முழுக்க நான் வாங்கின திட்டு." துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணுகிட்ட இதை யாராச்சும் சொன்னீங்களா?"

"அது என் வேலை இல்லைங்க. நான் காலுக்கு மட்டும்தான்."

"கால் நடக்கணும்னா, எதையாவது பார்த்துத்தானே நடக்கணும்?"

அவள் கைப்பையைத் திறந்து, மறுநாள் வேலைப் பட்டியலை எடுத்துப் பார்த்தாள்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளைக்கு முன்பே வார்டில் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் போய் நின்றாள். மகள் ஓட்டுவது இருபத்தேழாம் எண் பஸ் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். முதல் வண்டியை ஒரு மீசைக்காரர் ஓட்டிவந்தார், விட்டுவிட்டாள். இரண்டாவதில் யாரோ ஒரு பெண், ஆனால் அவள் இல்லை. மூன்றாவது வண்டியின் கண்ணாடிக்குப் பின்னால் அந்த முகம் தெரிந்தது. ஏறிக்கொண்டாள்.

ஓட்டுநருக்குத் தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: வண்டி ஓடும்போது ஓட்டுநரிடம் பேசக் கூடாது. இன்னொண்ணு ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். மேலே இருந்த கண்ணாடியில் இரண்டு பேர் கண்ணும் ஒரு தடவை சந்தித்தன. மகளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. புருவம் சுருங்கியது. ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிடம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் ஊரின் அந்தக் கோடிவரை போனார்கள். கடைசி நிறுத்தத்தில் கடைசிப் பயணி இறங்கியதும் மகள் இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்.

"அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கார். நான் உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்."

"எனக்குப் பத்து நிமிஷம்தான் இருக்கு."

"நீங்க நினைக்கிற மாதிரி அவர் உங்களை விரட்டலைம்மா. அவருக்கு அந்த ஒரு சொல்லுதான் வரும். எதுக்கும் அதுதான்."

"தெரியும். பேச்சுப் பயிற்சி டீச்சர் சொன்னாங்க." இருக்கையிலிருந்து எழுந்து அவள் எதிரில் வந்து கம்பியில் சாய்ந்துகொண்டாள். "உங்களுக்குத் தெரியாத கதை ஒண்ணு இருக்கு. பதினேழு வயசுல இருந்து நான் அப்பாகூட டைல்ஸ் வேலை பார்த்தேன். நான் வெட்டிக் கொடுப்பேன், அவர் ஒட்டுவார். வேன்ல 'அப்பாவும் மகளும்'னு பெரிசா எழுதி வெச்சிருந்தார். இருபத்தி ரெண்டு வயசுல, எனக்கு இது பிடிக்கல, பஸ் ஓட்டப் போறேன்னு சொன்னேன். அப்ப சொன்னார், 'வா!'ன்னு. போன்னு. ஒரே ஒரு தடவைதான். நானும் போயிட்டேன். ஒன்பது வருஷம் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கல." கம்பியில் ஒட்டியிருந்த பழைய டிக்கெட்டைப் பிய்த்தாள். "எங்கப்பாவுக்கு ஆயிரம் சொல்லு தெரியும். பாட்டுப் பாடுவார், கதை சொல்லுவார். அத்தனையும் போயி, மிஞ்சினது அந்த ஒரு சொல்லு. அதையும் என்னைப் பார்த்தாத்தான் அவ்வளவு சத்தமா சொல்றார். இதுக்கு நான் என்ன அர்த்தம் பண்ணிக்கிறது, சொல்லுங்க."

இன்னொண்ணு இருக்கையின் நுனிக்கு நகர்ந்தாள். "என் மொழியில அந்தச் சொல்லுக்கு இங்க வான்னு அர்த்தம்," என்றாள் மெதுவாக. "எனக்கு அப்படித்தான் கேக்குது."

"எங்கப்பாவுக்கு உங்க மொழி தெரியாது." பட்டென்று வந்தது.

உண்மைதான். வாதாட அதில் இடமே இல்லை. இன்னொண்ணு தலையை ஆட்டினாள். "தெரியாதுதான். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு அதே சொல்லு 'அப்புறம்?'னு கேக்குது. மூணு பேர் காதுல மூணு விதம். அதனால காதை நம்ப வேண்டாம்னு சொல்றேன். நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்க? வாசல் பக்கம். விழுந்த கைப் பக்கம். அது எதையும் சொல்லாது. பிழைச்ச கை ஜன்னல் பக்கம் இருக்கு. நீங்க வர்ற நேரமானா அந்தக் கை என்ன பண்ணுதுன்னு நீங்க ஒரு நாளும் பார்க்கல. நீங்க தரையைப் பார்த்தீங்க. நேத்து ரெண்டு மணிக்கு நீங்க வராதப்ப நான் அந்தக் கையைப் பார்த்தேன்."

மகள் கம்பியிலிருந்து நிமிர்ந்தாள்.

"நாளன்னிக்கு வியாழக்கிழமை, பதினொரு மணிக்கு, கீழ உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஒரே ஒரு தடவை வாங்க. காதை அடைச்சுக்கிட்டு வந்து நில்லுங்க. கண்ணால மட்டும் பாருங்க. அதுக்கப்புறமும் படிவத்துல கையெழுத்துப் போடணும்னு தோணுச்சுன்னா நான் குறுக்க நிக்க மாட்டேன்."

மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "வண்டி எடுக்கணும்," என்றாள். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. திரும்பி வரும் நாற்பது நிமிடமும் எழுதிப் போட்ட விதிப்படியே கழிந்தது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு டைல்ஸ்காரர் வழக்கம்போல் கம்பிகளுக்கு நடுவே நின்றார். இடுப்பில் கட்டியிருந்த பட்டையைப் பிடித்துக்கொண்டு இன்னொண்ணு அவருக்கு வலது பக்கம் நின்றாள். கடிகாரக்காரர் தன் நடைச் சட்டத்தை உருட்டிக்கொண்டு வந்து, வேடிக்கை பார்க்கத் தோதாக ஒரு மூலையில் இடம் பிடித்திருந்தார். பதினொன்று ஐந்து. பதினொன்று பத்து. 'வரமாட்டா' என்று இன்னொண்ணு மனசைத் தேற்றிக்கொள்ளும்போது கதவு திறந்தது.

மகள் சீருடையில்தான் இருந்தாள். இன்னொண்ணு கண்ணைக் காட்ட, கூடத்து உதவியாள் அவளைக் கூட்டிப்போய் நடைபாதையின் அந்தக் கோடியில் நிறுத்திவிட்டு, கையில் இரண்டு மஞ்சள் பஞ்சு உருண்டைகளைக் கொடுத்தார். இரைச்சலான இயந்திர அறைகளில் இன்னொண்ணுவின் கணவர் காதில் அடைத்துக்கொள்வது அது. மகள் இரண்டு காதிலும் வைத்து அழுத்திக்கொண்டாள். நிமிர்ந்தாள். முதல் தடவையாக அப்பாவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"வா!" என்றார் அவர்.

இடது கை கம்பியை விட்டது. காற்றில் நீண்டது. ஐந்து விரலும் விரிந்து, மடங்கி, மறுபடி விரிந்தன. உடம்பு சாய்ந்தது, இன்னொண்ணு பட்டையை இழுத்துப் பிடித்தாள். "கம்பியைப் பிடிங்க! கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நடந்து போங்க, அதோ நிக்கிறாங்க!"

கை கம்பிக்குத் திரும்பியது. இடது கால் ஒரு அடி வைத்தது. அதுவரைக்கும் யாருக்கும் வியப்பில்லை. அது நல்ல கால். அப்புறம் அவர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். "வா," என்றார் அதனிடம். அவருடைய மொழியில் போ என்று.

கால் அசைந்தது. பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டு, ஒரு சாண் தூரம் முன்னால் வந்தது.

இன்னொண்ணு தன்னையறியாமல் ஊர்ப் பேச்சை விட்டுவிட்டாள். முட்டிக்கு அருகே குனிந்துகொண்டு, அந்தக் காலைப் பார்த்து, தத்தி நடக்கும் குழந்தையைக் கூப்பிடுவது போல, "வா… வா… அப்படித்தான், வா…" என்றாள். அவர் "வா" என்றார். அவள் "வா" என்றாள். அவர் காலைப் போகச் சொன்னார். அவள் வரச் சொன்னாள். இரண்டு உத்தரவுக்கும் சேர்த்துக் கால் அடுத்த அடியை வைத்தது.

"மூணு!" என்று மூலையிலிருந்து கடிகாரக்காரர் எண்ணினார். "நாலு! அப்புறம்? அப்புறம்?"

ஐந்தாவது அடியில் மகள் ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். ஆறாவதில் இன்னொன்றையும். வியர்வை ஒழுகும் முகத்தோடு, வாய் ஒரு பக்கம் கோணியிருக்க, அந்த ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு அப்பா அவளை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவள் கன்னத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

எட்டாவது அடியில் அவள் முன்னால் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வா!" என்றார் வெடுக்கென்று.

அவள் முகம் சட்டென்று வாடியது. ஒரு அடி பின்வாங்கினாள்.

"அம்மா, பின்னால பாருங்க!" என்று இன்னொண்ணு கத்தினாள். "நாற்காலி! நாற்காலியை மறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க. இந்தத் தடவை நிஜமாவே போகத்தான் சொல்றார்!"

மகள் திரும்பிப் பார்த்தாள். சக்கர நாற்காலி அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தது. விலகினாள். அப்பாவை இரண்டு பேருமாகப் பிடித்து உட்காரவைத்தார்கள். உட்கார்ந்ததும் அவருடைய இடது கை அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது. பிடித்தது பிடித்ததுதான்.

அரை மணி நேரம் ஆனது. டிப்போவிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. "அப்பா, வண்டி எடுக்கணும், நேரமாச்சு," என்றாள்.

"வா," என்றார், தணிந்த குரலில்.

"போகவா, இருக்கவா?" அவள் அவர் முகத்தருகே குனிந்தாள். "போகச் சொல்றீங்கன்னா கையை விடுங்க."

அவர் விடவில்லை. டிப்போக்காரர்கள் அன்றைக்கு வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள்.

ஒரு நடையில் ஒன்பது வருடம் அழிந்துவிடாது. அந்தப் பழைய 'போ' அவர்களுக்கு நடுவே இன்னும் இருந்தது; அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவரிடம் சொல் இல்லை. மன்னித்தேன் என்று மகளும் சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவள் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "என்கூட இருக்கட்டும்," என்றாள். இரண்டே அறை, முறை மாறி மாறி வரும் வேலை, காலையில் யார் பார்த்துக்கொள்வது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பாதிக்குத்தான் அவளிடம் பதில் இருந்தது. மீதிக்குச் சமூகப் பணியாளர், காலை வேளைகளில் வீட்டுக்கு வர ஒரு உதவியாளை ஏற்பாடு செய்தார்.

அதற்கடுத்த வாரம் கடிகாரக்காரர் வீட்டுக்குப் போனார். கிளம்பும்போது டைல்ஸ்காரரின் கையைக் குலுக்கி, "மூணாவது கடை திறந்த கதை பாக்கி இருக்கு, வீட்டு விலாசத்தை உங்க பொண்ணுகிட்ட வாங்கிட்டேன்," என்று சொன்னார். டைல்ஸ்காரர் "வா" என்றார். அது எந்த 'வா' என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை; ஆனாலும் அவர் உதட்டோரம் சிரிப்பு இருந்தது.

ஒரு மாதம் கழித்து இன்னொண்ணு, வீட்டில் எங்கெங்கே கைப்பிடி பொருத்தவேண்டும் என்று பார்ப்பதற்காக, மகள் வீட்டுக்குப் போனாள். தரைத்தளம். ஜன்னலோரம் அவருக்குக் கட்டில். சாப்பாட்டு மேசையை மடித்துச் சுவரோடு சாய்த்துவிட்டு, நடக்க வழி செய்திருந்தாள். மகள் கதவைத் திறந்ததும் திறக்காததுமாகப் புகார் சொன்னாள்.

"அப்பாவுக்கு ரெண்டாவது சொல்லு வந்திருச்சு!"

"அடடே! என்ன சொல்லு?"

"'நோ'. முந்தாநாள் காலையில கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னார். அப்ப இருந்து எதுக்கெடுத்தாலும் நோ. குளிக்கக் கூப்பிட்டா நோ. டிவி போட்டா நோ, அணைச்சா நோ. ஒரு சொல்லோடவே இருந்திருக்கலாம்."

"இதுக்கு அர்த்தம் யாரையும் கேக்க வேண்டியதில்லையே," என்று இன்னொண்ணு சிரித்தாள்.

குளியலறையில் அளவெடுத்தார்கள். தோள் உயரத்துக்குக் கீழே, சுவரில் ஒரு இடத்தை இன்னொண்ணு காட்டினாள். மகள் துளைபோடும் கருவியைத் தூக்கினாள்.

"நோ!"

கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவர் குளியலறை வாசலில் நின்றிருந்தார். கட்டிலிலிருந்து அங்கே வரப் பன்னிரண்டு அடி. யாரும் பிடிக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. இன்னொண்ணு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"என்னப்பா இப்ப?"

"நோ. நோ." சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, தடியின் நுனியால் டைலின் விளிம்பைத் தட்டினார். அப்புறம் நாலு விரல்கடை தள்ளி, நடுவே தட்டினார்.

மகள் சுவரை உற்றுப் பார்த்தாள். முகத்தில் ஒரு வெட்கம் வந்து போனது. "அவர் சொல்றது சரிதான்," என்றாள் இன்னொண்ணுவிடம். "ஓரத்துல துளை போட்டா டைல் விரிஞ்சிடும். அஞ்சு வருஷம் கூட நின்னு வெட்டிக் கொடுத்திருக்கேன், எனக்கு மறந்தே போச்சு." சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க. நீங்களே குறிச்சுக் கொடுங்க."

அவர் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, பென்சிலை இடது கையில் வாங்கினார். பழக்கமில்லாத கை, கோடு ஆடியது. இருந்தும் இரண்டு கோடும் சரியான இடத்தில் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டன. மகள் கருவியைப் பொருத்தினாள். துளை சுத்தமாக இறங்கியது. டைலில் ஒரு கீறல் இல்லை. அவர் பென்சிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கீழே, மூலையில், யாரோ கோணலாக ஒட்டிவிட்டுப் போன ஒரு டைலைக் கண்டுபிடித்து, அதன்மேல் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் அடுத்த வாரம் பார்த்துக்கலாம்பா," என்றாள் மகள்.

"நோ," என்றார் அப்பா.

மகள் பெருமூச்சு விட்டாள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அதைப் பெயர்க்க உளி எங்கே என்று தேடப் போனாள்.